பங்குப் பத்திரமும் விலகற் கடிதமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எமக்குத் திடீரென வளரும் தொழில் புதியதன்று. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரித்தானியக் கடற்படைத் தளம் இங்கே பெருகிற்று. டொக்யாட் வேலையை நாடி ஊர் ஊராக ஆட்கள் வந்து குவிந்தனர். 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது வேலையிழந்தோர் பலர். என் இளமையில் சாம்பல்தீவு முதியோர் அக்காலத்தை ஒரே மூச்சில் புகழ்ந்தும் நொந்தும் பேசக் கேட்டிருக்கிறேன். இன்று கொழும்புக்கும் சென்னைக்கும் மென்பொருள் எழுதச் செல்லும் நம் மாணவரும் அவ்வாறே பேசுகின்றனர்.

2010இல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய சிறு கம்பனி, பின்னர் பிரெஷ்வேர்க்ஸ் எனப் பெயர் பூண்டு, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறிற்று. பங்கொன்றின் விலை 36 டொலர். இந்தியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஊழியர் கோடீசுவரராயினர் என்று கிரீஷ் கூறினார். 2024 நவம்பரில் அதே கம்பனி ஏறத்தாழ 660 பேரை, நூற்றுக்குப் பதின்மூவர் வீதம், விலக்கிற்று. அவ்வேளையிலேயே 40 கோடி டொலருக்குத் தன் பங்குகளைத் தானே வாங்கப் போவதாகவும் அறிவித்தது. ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, பெயரைச் சொல்லாமலே, இதனைப் பேராசையென்று கடிந்தார். (கிரீஷ் முன்னர் அங்கே பணிபுரிந்தவர்தாம்!)

இத்தகைய கம்பனிகளைப் பழிப்பது என் நோக்கமன்று. அரசாங்கக் கந்தோரில் பதினைந்து ஆண்டு கோப்புத் தள்ளியபின் கிடைக்கும் பொறுப்பு, அங்கே இருபத்து மூன்று வயதிற் கிடைக்கிறது. காலையில் எழுதியது மாலையில் காணாத தேசத்து வணிகன் ஒருவனுக்குப் பயன்படுகிறது. குறையிருப்பின் அவன் முறைப்பாடும் அன்றிரவே வந்துவிடுகிறது. கற்பதற்கு இதனினும் நல்ல பள்ளி அரிது. ஆனால் ஐம்பது பேர் ஐந்நூறாகும்போது, எதிர் மேசையிலிருந்த முதலாளி மேன்மாடிக்குப் போய்விடுகிறார். எல்லா வேலையும் அறிந்த பழைய ஊழியனுக்கு மேலே வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தமர்கிறார். ஆர்வத்தால் விழித்த இரவுகள் கடமையாகிவிடுகின்றன.

பங்குரிமை என்பது பணமன்று. குறித்த விலையிற் பின்னர் பங்கு வாங்கும் உரிமையே அது. பெரும்பாலும் நான்காண்டிற் சிறிது சிறிதாக முதிர்வது. முதலாண்டு முடியுமுன் விலகுவோர்க்குப் பொதுவாக ஒன்றுமில்லை. கம்பனி சந்தை ஏறாவிடின் விற்க வழி காண்பதும் அரிது. ஏறிய பங்கும் இறங்கும்: மேற்சொன்ன 36 டொலர்ப் பங்கு, 2024 நவம்பரில் அதன் பாதிக்கும் கீழே நின்றது. குறைந்த சம்பளத்துக்குப் பங்குரிமை ஈடாகும் என்று சொல்லும் முதலாளியிடம், மொத்தம் எத்தனை பங்கில் எமக்கு எத்தனை என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஊழியரை நீக்குவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும் என்கிறது. கணினியின் முன் அமர்ந்திருப்பவரும் ஊழியரே. ஆயினும், "நீராகவே விலகற் கடிதம் தந்துவிடும்" என்று இனிமையாகக் கேட்டால் நம் பிள்ளைகள் கையொப்பமிட்டு விடுகின்றனர். உயர்தர வகுப்பில் நாம் செய்யுளுக்கு உரை சொல்லிக் கொடுக்கிறோம். நியமனக் கடிதத்தை வரிக்கு வரி வாசிக்கக் கற்பிப்பதில்லை. பழைய மாணவர் சங்கங்கள் பொன்னாடை போர்த்தும் மாலைகளுள் ஒன்றையேனும் இதற்கு ஒதுக்கலாம்.