அமெரிக்கக் கோடை முகாம் வேலைக்கு ஒரு காஷன் ஆர்டர்



நம் சங்கத்துக் குடும்பங்களில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர், அமெரிக்காவில் கோடைக்கால முகாம் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோரிடம் இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. "எப்படியாவது ஒரு தடவை உள்ளே போய்விட்டால் போதும், அப்புறம் அங்கேயே செட்டிலாகிவிடலாம்" என்பது ஒன்று. "இஞ்சினீயரிங் படித்துவிட்டு வெள்ளைக்காரன் குழந்தைக்கு ஆயா வேலை பார்ப்பதா?" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் தாழ்மையான கருத்து. விருப்பமுள்ள பிள்ளை போகட்டும். ஆனால் என்னவென்று தெரிந்துகொண்டு போகட்டும்.

ரயில்வேயில் காஷன் ஆர்டர் என்று ஒரு காகிதம் உண்டு. முன்னால் எந்தக் கிலோமீட்டரில் பாதை வேலை நடக்கிறது, எங்கே எத்தனை வேகத்தில் போக வேண்டும் என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். வண்டியை நிறுத்துவது அதன் நோக்கமல்ல. பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். இந்தக் கட்டுரையையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முகாம் என்பது என்ன?

அமெரிக்காவில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பள்ளி விடுமுறை. அந்த நாட்களில் குழந்தைகளை ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ உள்ள முகாம்களுக்கு அனுப்புவது அங்கே பழைய வழக்கம். 1861-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திய பிரெடரிக் வில்லியம் கன் என்பவர் தம் மாணவர்களை நடத்திக்கொண்டு போய்க் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்க வைத்ததை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1885-ல் ஆரம்பித்த டட்லி முகாம் நியூயார்க் மாநிலத்தில் இன்றும் நடந்து வருகிறது.

குழந்தைகளோடு ஒரே குடிலில் தங்கி, நீச்சல், படகு, விளையாட்டு, கைவேலை ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் இளைஞருக்குக் கவுன்சிலர் என்று பெயர். நம் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டுக்கு வோட்டுக் கேட்டு வருபவர். அங்கே அவர்தான் அண்ணன், அக்கா, வாத்தியார், காவல்காரர் எல்லாம். பத்துப் பன்னிரண்டு குழந்தைகளின் உயிர் அவர் பொறுப்பில் இருக்கிறது. இதை ஆயா வேலை என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள், தம் குழந்தையைப் பிறரிடம் ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் அந்த வேலையின் மதிப்பு தெரியும்.

எந்த வகை விசா என்று கேளுங்கள்

இந்த வேலைக்குத் தரப்படுவது ஜே-1 விசா. 1961-ம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் வழி வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்ஸர் நிறுவனம் டி.எஸ். 2019 என்ற படிவத்தைக் கொடுத்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். நம் தெருமுனை ஏஜெண்டு ஸ்பான்ஸர் அல்ல. அவர் காட்டும் ஸ்பான்ஸரின் பெயர் வெளியுறவுத் துறையின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம்.

முகாமுக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கவுன்சிலர் வகையில் போகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அவர் மாணவராகவோ, ஆசிரியராகவோ, இளைஞர் பணியில் இருப்பவராகவோ, தனித்திறமை உள்ளவராகவோ இருக்கலாம். அவரைச் சமையல்காரராகவோ, பாத்திரம் தேய்ப்பவராகவோ, துப்புரவுப் பணியாளராகவோ, அலுவலக ஊழியராகவோ அமர்த்தக்கூடாது என்பது விதி. எல்லாக் கவுன்சிலர்களும் முறைபோட்டுச் செய்யும் சில்லறை வேலைகளை அவரும் செய்யத்தான் வேண்டும், அது வேறு. சமையற்கட்டு, பராமரிப்பு வேலைகளுக்குப் போகிறவர்கள் கோடைக்கால வேலை மற்றும் பயணம் என்ற மற்றொரு வகையில் போகிறார்கள். அதற்குக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவராக இருப்பது கட்டாயம். இரண்டுக்கும் உச்ச வரம்பு 4 மாதம்.

சமையற்கட்டு வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்று நம்பி இறங்கிய பிள்ளை, முதல் நாளே அண்டா கழுவ நின்றால் மனம் உடைந்துபோகும். படிவத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது, முகாம் தரும் வேலைக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வரவும் செலவும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஸ்பான்ஸர் கட்டணம், விமானக் கட்டணம், விசாக் கட்டணம், செவிஸ் எனப்படும் பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை செலவு. விசாக் கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். செவிஸ் கட்டணம் இந்த இரு வகையினருக்கும் சலுகையாக 35 டாலர். 2025 ஜூலையில் இயற்றிய சட்டம் விசாவுக்கு மேலும் 250 டாலர் வசூலிக்க வகை செய்திருக்கிறது. பணம் கட்டும் நாளில் நிலவரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வரவைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவில் 2009 முதல் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பெருக்கிப் பார்த்துக் கனவு காணாதீர்கள். ஆண்டில் 7 மாதத்துக்கு மேல் நடக்காத முகாம்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. ஓவர்டைமுக்கும் அப்படியே. சில மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு. ஆகையால் பெரும்பாலும் சீசன் முழுவதற்கும் இவ்வளவு என்று ஒரு தொகையைத்தான் பேசுவார்கள். உணவும் இடமும் முகாமைச் சேர்ந்தது. அமெரிக்கக் கவுன்சிலருக்கு இணையான ஊதியமும் வசதியும் வெளிநாட்டவருக்கும் தர வேண்டும் என்று விதி இருப்பதால், அங்கத்திய பிள்ளைகளுக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

ஜே-1 விசாவில் போகிறவருக்குச் சமூகப் பாதுகாப்பு வரிப் பிடித்தம் கிடையாது. வருமான வரி உண்டு. சேர்ந்தவுடன் டபிள்யூ-4 படிவத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகும், மறு ஆண்டு ஏப்ரல் 15-க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

காப்பீட்டிலும் கண் வேண்டும். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவச் செலவை ஏற்பதாகவும், நம் கையிலிருந்து கட்டும் பங்கு ஒரு தடவைக்கு 500 டாலருக்கு மேற்படாததாகவும் அது இருக்க வேண்டும் என்பது விதி.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது சொற்பம். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 2020 ஜூன் 22-ம் தேதி வந்த ஒரு பிரகடனத்தால் இந்த இரு வகையினருக்கும் அந்த ஆண்டு முடியும் வரை கதவு அடைக்கப்பட்டது. பிறகு அது 2021 மார்ச் 31 வரை நீண்டது. நாளை மறுபடி அப்படி நடந்தால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? இதைக் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலை நேரம்

நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில், 1974 மே மாத வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் ஓயாமல் பேசுவார்கள். எட்டு மணி நேர வேலை அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் ஓய்வு என்பது காகிதத்தில் ஏறுவதற்குள் எத்தனை குடும்பங்கள் அல்லல்பட்டன என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் சொல்கிறேன்: முகாமில் பொழுது விடிந்தது முதல் குழந்தைகள் தூங்கும் வரை வேலைதான். ராத்திரி ஒரு பிள்ளை அம்மா வேண்டும் என்று அழும்; இன்னொன்று படுக்கையை நனைத்துவிடும். எழுந்துதான் ஆக வேண்டும். வார விடுப்பு எத்தனை மணி நேரம், இடையில் ஓய்வு உண்டா, ராத்திரிக் காவல் முறை யாருக்கு, கைப்பேசியை எப்போது தொடலாம் என்பதையெல்லாம் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டும்.

குழந்தைகளோடு பழகும் முறை

நாம் பிறத்தியார் குழந்தையையும் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவோம். குறும்பு செய்தால் முதுகில் ஒன்று வைப்போம். அங்கே இரண்டும் ஆகாது. அடிப்பது அறவே கூடாது. ஒற்றைக் குழந்தையோடு தனியாக, பிறர் கண்ணில் படாத இடத்தில் இருக்கக்கூடாது. படம் எடுத்து ஊருக்கு அனுப்பக்கூடாது. இவை கவுன்சிலரைச் சந்தேகப்படுவதற்காக வைத்தவை அல்ல. குழந்தையையும் அவரையும் சேர்த்துக் காப்பவை.

பாசத்தில் நம் கடலைமிட்டாயை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். சில குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்து. யார் யாருக்கு எது ஆகாது என்பதையும், எபிபென் ஊசியைப் பயன்படுத்தும் முறையையும் முதல் வாரப் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

நீச்சல் தெரியாதவர் தெரியும் என்று எழுதக்கூடாது. விண்ணப்பத்தில் சொல்லும் அந்த ஒரு பொய், ஏரிக்கரையில் ஒரு குழந்தையின் உயிரைக் கேட்கும்.

வடகிழக்கு மாநிலக் காடுகளில் உண்ணிக் கடியால் லைம் நோய் வரும். தினமும் உடம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவிச் செடியைத் தொட்டால் தோல் கொப்புளிக்கும். சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே முகாமுக்கு எழுதிவிட வேண்டும். ரசம் சாதம் கிடைக்காது, ஆனால் பட்டினி போட மாட்டார்கள். 21 வயதுக்குக் கீழ் மது வாங்குவது அங்கே சட்ட விரோதம்.

விசா நேர்காணலும் அதன் பிறகும்

விண்ணப்பதாரர் அங்கேயே தங்கிவிடுவார் என்று எண்ணித்தான் அதிகாரி பேச்சைத் தொடங்குவார். இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. திரும்பி வந்து முடிக்க வேண்டிய படிப்பு இருக்கிறது என்பதை உள்ளபடி சொன்னால் போதும். 2025 ஜூன் முதல் ஜே விசாக்காரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

பணி முடிந்த பிறகு 30 நாள் ஊர் சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்யக்கூடாது. ஸ்பான்ஸருக்குத் தெரியாமல் முகாமை விட்டு நழுவினால் அந்தஸ்து பறிபோகும். அதோடு பின்னாளில் மேல்படிப்புக்குக் கேட்கும் விசாவிலும் அந்தக் கறை தெரியும். "உள்ளே போனால் போதும்" என்று சொல்லி அனுப்பும் பெற்றோர் பிள்ளையின் எதிர்காலத்தையே பணயம் வைக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். மிரட்டி வேலை வாங்குவதற்காக ஒருவரின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது அங்கே குற்றம். நேர்காணலின்போது தரும் உரிமைகள் குறித்த சிறு புத்தகத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதிலுள்ள இலவசத் தொலைபேசி எண் 1-888-373-7888.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நம்மில் பலர் 40, 45 ஆண்டுகளுக்கு முன் தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது, அழைத்துப் போக ஒரு மாமாவோ ஊர்க்காரரோ ஸ்டேஷனில் நின்றார். மாட்டுங்காவில் சாப்பாட்டுக்கு மெஸ் இருந்தது. மேலதிகாரி கடுமையாக இருந்தால் சொல்லி அழ ஒரு வீடு இருந்தது. காட்டு முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு அப்படி எதுவும் இருக்காது. அங்கிருந்து போன் வந்தால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, ரெண்டு மாசம்தானே" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சாப்பாடு பிடிக்கவில்லை, வீட்டு ஞாபகம் வருகிறது என்றால் அப்படிச் சொல்லலாம். சம்பளம் தரவில்லை, உடம்பு முடியாதபோதும் வேலை வாங்குகிறார்கள், யாரோ தகாத முறையில் நடந்துகொள்கிறார் என்றால் அப்படிச் சொல்லக்கூடாது. "உடனே ஸ்பான்ஸரைக் கூப்பிடு" என்றே சொல்ல வேண்டும். கவுன்சிலர்களுக்காக 24 மணி நேரமும் ஒரு தொலைபேசி எண் வைத்திருப்பது ஸ்பான்ஸரின் கடமை. தேவையானால் வேறு முகாமுக்கு மாற்றிக் கேட்பதும் அவர் மூலமாகத்தான்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். மேலே சொன்ன கேள்விகளுக்குத் திருப்தியான பதில் கிடைத்தால் பையனை அனுப்புவது போலவே அனுப்பலாம். கிடைக்காவிட்டால் பையனையும் அனுப்ப வேண்டாம்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. முகாம்கள் ஆள் எடுப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய குளிர்காலத்தில். டிசம்பரில் ஒரு ஞாயிறு மாலை, விண்ணப்பிக்க எண்ணும் பிள்ளைகளும் பெற்றோரும் சங்கக் கட்டடத்தில் கூடி, வந்திருக்கும் ஒப்பந்தங்களை வரி வரியாக உரக்கப் படிப்போம். போய் வந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் வந்து உள்ளதைச் சொல்லட்டும். வக்கீல் அன்பர் ஒருவரும் ஆடிட்டர் அன்பர் ஒருவரும் உடன் இருந்தால் நல்லது. செயற்குழு அனுமதித்தால் பாய் விரித்து நாற்காலி போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.