பேப்பர் போட்டால் அடிமையா?

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். பேப்பர் போட்டு இரண்டு மாசம் ஆச்சாம், இன்னும் ஒரு மாசம் நோட்டீஸ் பாக்கி. சம்பளத்தை 'ஹோல்ட்' பண்ணிட்டாங்களாம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு லீவு கேட்டதுக்கு, "நோட்டீஸ்ல லீவே கிடையாது"ன்னு மேனேஜர் சொல்லிட்டாராம். மனுஷன் அதை அப்படியே நம்பி, ஆபரேஷனுக்குத் தம்பியை அனுப்பியிருக்கார்!

நோட்டீஸ் பீரியட் என்ன ஜெயில் தண்டனையா மக்களே? கடைசி நாள் வரை நாம ஊழியர்தான். வேலை செய்த நாளுக்குச் சம்பளம் உண்டு. லீவு கிடையாதுன்னு சொன்னால், அந்த விதி எங்கே எழுதியிருக்குன்னு மெயிலில் கேளுங்க. வாய்ச்சொல் விதி ஆகாது.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் தரணும்கிறது. 'செட்டில்மெண்ட்டுக்கு 45 நாள் ஆகும்' என்ற பழைய பாட்டு இனி செல்லாது. ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியும் உண்டு.

அதுக்காக சொல்லாம கொள்ளாம ஓடுறதை நான் ஆதரிக்கலை. ஒப்பந்தத்தை மீறினால் கம்பெனி நஷ்டஈடு கேட்கலாம். ஆனா உட்கார்ந்து வேலை செய்னு கோர்ட்டே கட்டாயப்படுத்தாது. கையெழுத்து போடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்கிறோமே, தப்பு அங்கேதான் ஆரம்பிக்குது.

நண்பரை மெயில் போடச் சொல்லியிருக்கேன். சம்பளம் வந்துடும். அப்பா பக்கத்தில் இல்லாமல் போன அந்த நாளை யார் செட்டில் பண்ணுவாங்க?