ஊருக்கு அனுப்பியவனுக்கே வரி

ஓமானில் 2028 ஜனவரி 1 முதல் தனிநபர் வருமான வரி வரப்போகிறது. வளைகுடா கூட்டமைப்பின் ஆறு நாடுகளில் இப்படி ஒரு வரி போடும் முதல் நாடு இதுதான். 2025 ஜூனில் அரசாணை வந்தபோது சலாலா டீக்கடைகளில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. டைல்ஸும் சானிட்டரி சாமானும் விற்கிற கடையில் கணக்கெழுதுகிறவன் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆணையைப் பார்த்தால், வருடம் 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு, அந்த மேல்தொகைக்கு மட்டும் 5 சதவீதம். அதாவது மாதம் 3,500 ரியால் தாண்ட வேண்டும். அவ்வளவு வாங்குகிறவர் சலாலாவில் எங்கள் சாதா பகுதியில் ஒரே அறையில் ஆறு பேராகத் தங்க மாட்டார்.

நம் ஆட்களைத் தொடுகிற வருமான வரி ஓமானில் இல்லை. விசாவை கேன்சல் செய்து, பத்தாக்கா என்கிற குடியிருப்பு அட்டையை ஒப்படைத்து, பெட்டி கட்டி ஊரில் இறங்குகிற நாளில் அது தொடங்குகிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேட்பதெல்லாம் வேறு. கரீஃப் என்கிற மழைப்பருவத்தின் சாரல் ஓய்ந்து சுற்றுலாக் கூட்டம் கலைந்ததும் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் வருவார்கள். “அண்ணே, அக்டோபர் ஒண்ணு தாண்டித்தான் போகணுமாமே, இல்லேன்னா இங்க வாங்குன சம்பளத்துக்கெல்லாம் அங்க வரி போட்டுடுவாங்களாமே?” என்பார்கள். ஏதோ வீடியோவில் பார்த்தது. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணினால் 182 நாள். நிதியாண்டில் அத்தனை நாள் இந்தியாவில் இருந்தால் சட்டப்படி அங்கே வசிப்பவர் ஆகிவிடுகிறோம். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் இங்கே உழைத்தவருக்கு ஆர்.என்.ஓ.ஆர். என்று ஒரு இடைநிலை உண்டு. முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பதில் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729-ஐத் தாண்டாவிட்டாலோ அது கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் நீடிக்கும். அதுவரை வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே பெற்ற வருமானத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது. ஆகவே டிக்கெட்டைத் தள்ளிப் போடாதே, கடைசி செட்டில்மென்ட் பணத்தை மட்டும் ஓமான் வங்கிக் கணக்கில் வாங்கி, பிறகு ஊருக்கு அனுப்பு என்பேன். நேரே இந்தியக் கணக்குக்கு வந்தால், இந்தியாவில் பெற்ற வருமானம்தானே என்ற கேள்வி எழ இடமிருக்கிறது.

என் வாதம் இந்த இடைநிலையைப் பற்றித்தான். ஒரே விமானத்தில் இரண்டு பேர் ஊர் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மேனேஜர். சேமிப்பை துபாயில் டாலர் டெபாசிட்டாகப் போட்டிருக்கிறார், அங்கே ஒரு ஃபிளாட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறார். இன்னொருவர் பரமக்குடிப் பக்கத்து ஏசி மெக்கானிக். மாதாமாதம் எக்சேஞ்சில் வரிசையில் நின்று ஊருக்கு அனுப்பி, வெளிநாடுவாழ் இந்தியருக்கான, வட்டிக்கு வரி இல்லாத என்.ஆர்.இ. கணக்கில் 40 லட்சம் சேர்த்திருக்கிறார். 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,80,000 ரூபாய் வட்டி. இருவருக்கும் ஆர்.என்.ஓ.ஆர். உண்டு. மேனேஜரின் துபாய் வட்டிக்கும் வாடகைக்கும் அந்த இரண்டு மூன்று வருடம் வரி இல்லை. மெக்கானிக்கின் வட்டிக்கோ, இனி ஊரில்தான் என்று வந்து இறங்கிய நாளோடு விலக்கு போய்விடுகிறது. காரணம், என்.ஆர்.இ. வட்டி விலக்கை வருமான வரிச் சட்டத்தின் நாள் கணக்கோடு கட்டாமல், 1999-இன் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தோடு கட்டியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு 729 தெரியாது; நிரந்தரமாகத் திரும்புகிறவரிடம் அது நாள் எண்ணிக்கொண்டிருப்பதும் இல்லை. நிரந்தரமாக வந்துவிட்டால் அன்றே நீங்கள் உள்ளூர்க்காரர்.

பணத்தை வெளியே வைத்தவருக்கு அவகாசம், நாட்டுக்குள் அனுப்பியவருக்கு உடனடி வரி. இது என்ன நியாயம்? வளைகுடாப் பணத்தால்தான் அந்நியச் செலாவணி பெருகுகிறது என்று மேடைதோறும் புகழ்கிற நாட்டில்தான் இப்படி. ஆர்.எஃப்.சி. என்ற வெளிநாட்டு நாணயக் கணக்குக்குப் பணத்தை மாற்றிக்கொண்டால், இடைநிலை நீடிக்கும்வரை அந்த வட்டிக்கும் விலக்கு உண்டு. ஆனால் அதைச் சொல்லித் தருகிற ஆடிட்டர் மேனேஜருக்குக் கிடைப்பார், மெக்கானிக்குக்குக் கிடைக்கமாட்டார்.

“12 லட்சம் வரை வரியே இல்லையே, அப்புறம் என்ன குறை?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிய வரி முறையில் உள்நாட்டில் வசிப்பவருக்கு அந்தச் சலுகை உண்டு. மெக்கானிக்குக்கு வட்டி மட்டும்தான் வருமானம் என்றால் வரி பூஜ்யம்தான். ஆனாலும் வட்டி வருடம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். அதைத் தவிர்க்கப் படிவம் கொடுக்க வேண்டும், இல்லையேல் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்தோ, விஷயமே தெரியாமலோ, ஊருக்கு வந்து வருடக்கணக்கில் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே விட்டுவைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வட்டி முழுசாக வருகிறது, சந்தோஷம். ஆனால் வந்தவுடன் அதை உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்கிறது விதி. மாற்றாதது செலாவணிச் சட்ட மீறல்; அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். என் நண்பர் ஒருவர் மாற்றப் போனபோது, “இருக்கட்டும் சார், மெச்சூரிட்டி ஆகட்டும்” என்று வங்கியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டெபாசிட் முதிர்வு வரை அதே வட்டி விகிதத்தில் தொடரலாம் என்பது உண்மைதான். கணக்கின் பெயரும் வரியும் அன்றே மாறிவிடும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தை எடுத்துவிட்டு 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் என்றார்கள். மொழியை எளிமையாக்கினார்கள், இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. மனம் வைத்தால் முடியாதது இல்லை. 2020 பட்ஜெட்டில் வேறு நாட்டில் வரி கட்டாத இந்தியரை இந்தியாவில் வசிப்பவராகவே கருதுவோம் என்று சொல்லி வளைகுடாவே பதறியபோது, மறுநாளே விளக்கம் கொடுத்தார்கள். பிறகு, இந்தியாவில் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள்.

இப்போது கேட்பது அதைவிடச் சின்னது. ஆர்.என்.ஓ.ஆர். நிலை எதுவரையோ, என்.ஆர்.இ. வட்டி விலக்கும் அதுவரை. அடுத்த நிதி மசோதாவில் ஒரே ஒரு திருத்தம் போதும். அது வரும்வரை, நம் அயலகத் தமிழர் நல வாரியம் இந்த விதிகளை ஒரு பக்கத் தமிழில் அச்சடித்து சென்னை, திருச்சி, மதுரை விமான நிலையங்களில் வைக்கலாம். ஆண்டுதோறும் ஜனவரி 12-இல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடும் செலவில் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.