ஊரக அரசுப் பள்ளிகளுக்கு முழுநேரத் தலைமையாசிரியர் கேட்டு மாவட்ட ஆட்சித்தலைவருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஊராட்சி ஒன்றிய அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் கூட்டமைப்பு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நாள்: 17.11.2025, மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்

பொருள்: ஒன்றியத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் காலியாக உள்ள தலைமையாசிரியர் பணியிடங்கள் – பழுதடைந்த கட்டடங்கள், குழந்தைகள் பாதுகாப்பு – பயன்படாமல் கிடக்கும் கணினிச் சாதனங்கள் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களின் தலைவர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து இந்த மனுவை அளிக்கிறோம். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் இதில் கையொப்பமிட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற தாய்மார்கள். இன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் தங்கள் முன் நிற்கிறோம். கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதால், எங்கள் கூட்டங்களில் பேசியதை எல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறோம்.

ஒவ்வொரு பள்ளியின் குறையையும் தனித்தனியாகக் கேட்டு எழுதத்தான் முதலில் உட்கார்ந்தோம். ஒரு ஊரில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. இன்னொரு ஊரில் திறன்மிகு வகுப்பறைத் திரை பல மாதங்களாக இருண்டு கிடக்கிறது. மற்றோர் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. ஏன் இன்னும் சரியாகவில்லை என்று கேட்டால், எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வந்தது: பள்ளிக்கு நிரந்தரத் தலைமையாசிரியர் இல்லை, பொறுப்பில் இருப்பவர் கடிதம் எழுதியிருக்கிறார், பதில் வருவதற்குள் பொறுப்பு வேறொருவருக்கு மாறிவிட்டது. ஆகவே எங்கள் முதல் கோரிக்கையும் முக்கியமான கோரிக்கையும் தலைமையாசிரியர் பணியிடம் பற்றியது.

தலைமையாசிரியர் பணியிடம்

தலைமையாசிரியர் பணியிடத்துக்கான பதவி உயர்வு ஏன் நின்றிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறாதவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில் வந்த 243ஆம் எண் அரசாணை, ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமைப் பட்டியலை மாநில அளவுக்கு மாற்றியது. அதை எதிர்த்து ஆசிரியர் சங்கங்கள் போராடின. அந்த வழக்கிலோ போராட்டத்திலோ எந்தப் பக்கமும் நிற்க நாங்கள் வரவில்லை. இருபது வருடம் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் இன்று தேர்வுக்குப் படிக்க நேர்ந்திருப்பது எங்களுக்கும் வருத்தமே. ஆனால் இந்தச் சிக்கல்கள் தீரும் வரை பள்ளி காத்திருக்க முடியாது. இந்த வருடம் மூன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தைக்கு மறுபடி ஒரு மூன்றாம் வகுப்பு கிடையாது.

ஈராசிரியர் பள்ளியில் நடப்பதைத் தாங்கள் ஒருநாள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் பொறுப்புத் தலைமையாசிரியர். காலையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டச் சாப்பாட்டைச் சரிபார்க்கிறார். கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் வருகையைப் பதிகிறார். உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு, ஆதார் புதுப்பிப்பு, சீருடை அளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வரும் தகவல்களை அனுப்புகிறார். இடையில் குறுவளமையக் கூட்டம் வந்தால் அன்று பள்ளியில் ஒருவர்தான். இந்த மாதம் நிலைமை இன்னும் கடினமாகிவிட்டது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் கணக்கெடுப்பு நவம்பர் 4 முதல் நடந்துவருகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக ஆசிரியர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தேர்தல் பணிக்கு ஆசிரியர்களை அழைக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இடம் தருகிறது; அதை நாங்கள் மறுக்கவில்லை. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை எடுக்கும்போது அந்த இடத்துக்கு யார் என்று கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டு. மாவட்டத் தேர்தல் அலுவலரும் தாங்களே என்பதால், மாற்று ஆள் இல்லாமல் ஈராசிரியர் பள்ளி ஆசிரியரை இந்தப் பணியில் வைத்திருக்க வேண்டாம் என்று இன்றே உத்தரவிடத் தங்களால் முடியும்.

இன்னொன்றையும் பதிவுசெய்ய விரும்புகிறோம். சட்டத்தின் அட்டவணைப்படி 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் தொடக்கப் பள்ளிக்குத் தனித் தலைமையாசிரியர். தமிழ்நாடு அந்த அளவோடு நின்றதில்லை. சிறு பள்ளிக்கும் தலைமையாசிரியர் பணியிடம் தந்து வந்தது. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பணியிடத்தை ஓசையில்லாமல் காலியாகவே விட்டுவிடக் கூடாது. தலைமையாசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து பெற்றோர் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் எண்ணிக்கை மேலும் குறைகிறது. பிறகு அந்தக் குறைவே காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்தச் சுழலை எங்கள் ஊர்களில் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனவே, தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று முன்னுரிமையில் உள்ளவர்களைக் கொண்டு நிரப்பக்கூடிய இடங்களை உடனே நிரப்ப அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். மற்ற இடங்களில், பொறுப்புத் தலைமையாசிரியரைக் கல்வியாண்டு முடியும் வரை மாற்றாமல் எழுத்து மூலமான ஆணையால் நியமிக்க வேண்டும். ஒருவருக்கே இரண்டு பள்ளிகளின் கூடுதல் பொறுப்பைத் தரக் கூடாது. பொறுப்பில் உள்ளவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிக ஆசிரியரை நியமிக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அனுமதி தர வேண்டும். இது புதிய வழியல்ல. 2022இல் 13,331 காலிப் பணியிடங்களுக்கு இந்தக் குழுக்கள் மூலமாகவே அரசு தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அனுமதித்தது.

கட்டடமும் குழந்தைகளும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். அந்தச் சம்பவத்தை ஒட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றது, தீயணைப்பான் வைக்கவும் அதைக் கையாள ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தரவும் உத்தரவிட்டது. எங்கள் பள்ளிகளில் சிவப்பு உருளை சுவரில் தொங்குகிறது. அதில் கடைசியாக எப்போது நிரப்பினார்கள் என்ற சீட்டு பல இடங்களில் கிழிந்துபோயிருக்கிறது. ஊரகப் பள்ளிகளில் காலை உணவும் மதிய உணவும் பள்ளி வளாகத்திலேயே சமைக்கப்படுகின்றன. கும்பகோணத்தில் தீ கிளம்பியது சமையல் நடந்த இடத்திலிருந்துதான். சமையலறைக்கும் வகுப்பறைக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாத பள்ளிகளின் பெயர்களை இணைப்பு 1இல் கொடுத்துள்ளோம். அங்கே எரிவாயு உருளையை வெளியே வைக்கும் கம்பிக் கூண்டும், சமையல் செய்யும் அக்காமார்களுக்கு ஒரு நாள் தீயணைப்புத் துறைப் பயிற்சியும் உடனடியாகத் தேவை.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. எங்கள் ஒன்றியத்திலும் இடித்தார்கள். இடித்த இடத்தில் புதுக் கட்டடம் இன்னும் எழாத ஊர்களில் பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் படிக்கிறார்கள். அங்கே கல்யாணம், காதுகுத்து என்றால் அன்று பள்ளி மரத்தடிக்குப் போய்விடும். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளில் ரூ.7,000 கோடிக்கு வகுப்பறைகள் கட்டப்படும் என்று 2022இல் அறிவித்தார்கள். எங்கள் பட்டியலில் உள்ள பள்ளிகளுக்கு அதில் எப்போது இடம் என்பதை ஆண்டு குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் ஆசிரியர் கல்வித் துறைக்குக் கட்டுப்பட்டவர். கட்டடமோ ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. ஓடு விலகினால் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுகிறார், அவர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுகிறார், பொறியாளர் வந்து பார்க்க நாளாகிறது. அதற்குள் மழை வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை இப்போது பெய்துகொண்டிருக்கிறது. இரு துறைகளும் தங்களுக்குக் கீழ்தான் வருகின்றன. ஒன்றியப் பொறியாளரும் வட்டாரக் கல்வி அலுவலரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் சேர்ந்து ஒரே நாளில் கூட்டாய்வு செய்து, அங்கேயே அறிக்கை எழுத வேண்டும்; ஆபத்தான அறையைப் பூட்டும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கே தர வேண்டும். மேலிட உத்தரவு வரும்வரை பயந்துகொண்டே பாடம் நடத்தும் நிலை இனி இருக்கக் கூடாது.

2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து மழலை வகுப்புக் குழந்தை இறந்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் ஊர்களில் தாய்மார்கள் தாங்களாகவே போய்ப் பள்ளித் தொட்டிகளின் மூடிகளைப் பார்த்தார்கள். துருப்பிடித்த தகர மூடிகள் இன்னும் இருக்கின்றன. இதற்கு ஆய்வுக் கூட்டம்கூடத் தேவையில்லை. ஒரு வாரத்தில் கான்கிரீட் மூடி போட்டுவிடலாம்.

கட்டடத்தைக் காட்டிலும் சொல்லச் சங்கடமான ஒன்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பது. போக்சோ சட்டத்தின்படி, குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. மாதத்துக்கு ஒருவர் பொறுப்பேற்கும் பள்ளியில் அந்தப் பொறுப்பாளர் யார்? 1098, 14417 என்ற உதவி எண்களைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள், ‘மாணவர் மனசு’ பெட்டியும் இருக்கிறது. நல்லதே. ஆனால் எட்டு வயதுக் குழந்தை தொலைபேசியைத் தேடி ஓடாது. தனக்குத் தெரிந்த, தினமும் பார்க்கிற ஒரு டீச்சரிடம்தான் மெல்லச் சொல்லும். எனவே ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பெண் ஆசிரியரைப் பெயர் குறிப்பிட்டுக் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். பெட்டியை மேலாண்மைக் குழுவின் பெண் உறுப்பினர் முன்னிலையில் வாரம் ஒருமுறை திறக்க வேண்டும்.

கணினிச் சாதனங்கள்

அரசு செய்ததை மறைத்துவிட்டுக் குறை மட்டும் சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி, 22,931 திறன்மிகு வகுப்பறைகள், அகண்ட அலைவரிசை இணைய இணைப்பு என்று பெரிய அளவில் வந்திருக்கிறது. பெரிய திரையில் இதயம் துடிப்பதைப் பார்த்த எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அதையேதான் பேசினார்கள்.

வந்தவை தொடர்ந்து ஓடவில்லை என்பதே எங்கள் வருத்தம். மாலையில் மின்னழுத்தம் குறைந்து, திடீரென்று ஏறும் ஊர்கள் எங்களுடையவை. நிலத்தொடர்புக் கம்பி சரியாக இல்லாத பழைய கட்டடத்தில் இடி விழுந்தால் திரை போய்விடுகிறது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனால் புதிதாக வாங்கப் பணமில்லை. 30 குழந்தைகளுக்கு உட்பட்ட பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியம் ஆண்டுக்கு ரூ.10,000தான். சுண்ணாம்பு, துடைப்பம், சாக்பீஸ், குழாய்ப் பழுது எல்லாம் அதற்குள்ளேதான். சாலைப் பணிக்குத் தோண்டும்போது இணையக் கம்பி அறுந்தால், ஆசிரியர் தன் சொந்த அலைபேசி டேட்டாவில் வருகைப் பதிவை அனுப்புகிறார்.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. இருப்புப் பதிவேட்டில் ஏறிய ஒரு பொருள் தொலைந்தாலோ பழுதானாலோ தலைமையாசிரியர் மீது தணிக்கைத் தடை வருகிறது. ஓய்வு பெறும் நேரத்தில் பணப்பலன் நிற்குமோ என்ற பயம். தற்காலிகமாகப் பொறுப்பு வகிப்பவர் பிறர் கையெழுத்திட்டு வாங்கிய சாதனத்துக்குத் தான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. அதனால்தான் கைக்கணினிகள் பீரோவுக்குள் அட்டைப் பெட்டியோடு பத்திரமாக இருக்கின்றன. வகுப்பறையில் முறையாகப் பயன்படுத்தும்போது ஏற்படும் பழுதுக்கு ஆசிரியர் மீது பொறுப்பு சுமத்தப்படாது என்று தெளிவான சுற்றறிக்கை வேண்டும். சாதனங்களுக்குக் காப்பீடு வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளர் வட்டார வள மையத்தில் இருந்து, புகார் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் பள்ளிக்கு வர வேண்டும். இந்தச் செலவுகளுக்கு அரசு தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும்.

பிள்ளைகளின் படம், ஆதார் எண், சாதிச் சான்று, வங்கி விவரம் எல்லாம் இன்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பறக்கின்றன. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்று எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 சொல்கிறது. எங்களிடம் யாரும் ஒப்புதல் கேட்டதில்லை. இந்தப் பழக்கத்தை நிறுத்தி, தகவல்களைத் துறையின் தளத்தில் மட்டும் பதிய உத்தரவிட வேண்டும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியாக 2024-25க்கு வர வேண்டிய ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு தரவில்லை என்று மாநில அரசு சொல்லிவருகிறது. அது பற்றிய வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். மேலே கேட்டவற்றில் மூடி போடுவது, கூட்டாய்வு, சுற்றறிக்கை, பொறுப்பு ஆணை ஆகியவற்றுக்கு அந்த நிதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இந்த மனு மீது எடுத்த நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிவதற்குள் எங்கள் பிரதிநிதிகளுடன் முதன்மைக் கல்வி அலுவலர், திட்ட இயக்குநர் (ஊரக வளர்ச்சி முகமை) ஆகியோரையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்துமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்தை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்தால் வேலைக்குப் போகும் தாய்மார்களும் வர முடியும்.



இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றிய அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் தலைவர்கள், உறுப்பினர்கள்

இணைப்புகள்: 1. சமையலறை, கட்டட, தொட்டிப் பழுது உள்ள பள்ளிகளின் பட்டியல். 2. நிரந்தரத் தலைமையாசிரியர் இல்லாத பள்ளிகளின் பட்டியல். 3. மேலாண்மைக் குழுத் தீர்மானங்களின் நகல்கள்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி), திட்ட இயக்குநர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை.