சாலை வந்தது, வாழ்வு வந்ததா?

தோழர்களே!

"காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பாருங்கள், பிறகு வளர்ச்சியைப் பற்றிப் பேசுங்கள்" என்று நம்மை நோக்கிச் சவால் விடுவோர் உண்டு. பார்ப்போம்! அவர்கள் விரல் நீட்டிக் காட்டுகின்ற இடங்களையும் பார்ப்போம். திரையிட்டு மறைக்கின்ற இடங்களையும் பார்ப்போம். பார்த்தபின் பேசுவோம்.

இருங்காட்டுக்கோட்டையில் எழுந்த ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் கார்கள் வெளிவந்தன. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைபேசி ஆலை இயங்கத் தொடங்கிற்று. 2007-ல் சுங்குவார்சத்திரத்தை அடுத்துச் சாம்சங் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் வந்தது. சிப்காட்டின் வேலிகள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வல்லம் வடகால் வரை நீண்டன. சென்னைப் புறநகர்களையும் உள்ளடக்கிய பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2001-ல் 28 லட்சத்து 77 ஆயிரம் மக்கள். 2011-ல் 39 லட்சத்து 98 ஆயிரம் மக்கள். மக்கள்தொகைப் பெருக்கத்தின் வேகத்தில் அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் அதற்கே முதலிடம்.

இவை யாவும் உண்மை. நாம் மறுக்கவில்லை. இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவோர் அல்லர் நாம். ஆலை எழுவதைப் பார்த்து அழுவோரும் அல்லர். பாட்டாளியின் கட்சி ஆலையை வெறுக்குமா? ஏரும் மழையும் கைவிட்ட குடும்பத்திலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, தன் கையால் உழைத்துத் தன் கணக்கில் சம்பளம் வாங்குகிறாள் என்றால், அந்த மாறுதலின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்?

நாம் கேட்பது வேறு. இத்துணைப் பெரிய மாறுதலுக்குத் திட்டம் தீட்டியவர் யார்? எந்த அறையில் தீட்டினார்கள்? ஊரைக் கேட்டார்களா? உழைப்பவனைக் கேட்டார்களா? வரவென்ன, செலவென்ன என்று யாருக்குக் கணக்குக் காட்டினார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அவர்களுக்குக் கோபம் வருகிறது. "வளர்ச்சியின் விரோதிகள்" என்ற பட்டத்தை நமக்குச் சூட்டுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், மாவட்டந்தோறும் திட்டக் குழு அமையவேண்டும் என்கிறது. அக்குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர், மாவட்ட ஊராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோரிடமிருந்து, அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்படவேண்டும். நீரையும் நிலத்தையும் பங்கிடுவது, சாலை முதலிய கட்டமைப்புகளை இணைப்பது, சூழலைக் காப்பது ஆகிய அனைத்தையும் எண்ணி மாவட்டத்திற்கு ஒரே திட்டம் வகுப்பது அக்குழுவின் கடமை. கேட்க எவ்வளவு இனிமை!

நடந்ததென்ன? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. காஞ்சிபுரத்து ஊராட்சிகளுக்கு மீண்டும் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில்! நகரங்களுக்கோ 2022 பிப்ரவரியில்! ஐந்தாண்டுக் காலம், ஒரு முழுப் பதவிக்காலம், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை, தனி அலுவலர்களின் ஆட்சிதான். தேர்ந்தெடுக்கப்பட்டோரே இல்லாத மாவட்டத்தில், அவர்களைக் கொண்ட திட்டக் குழு எங்ஙனம் இருக்கும்? 2019-ல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துச் செங்கல்பட்டைத் தனியாக்கினார்கள். அதையும் எந்த ஊராட்சியும் கூடிப் பேசவில்லை. பேசுவதற்கு ஊராட்சி ஏது? 2022-ல் சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். இம்மாவட்டத்தின் கிராமங்கள் பலவும் அதனுள் அடங்கின. வாலாஜாபாத்து உழவனின் வயலுக்கு வண்ணம் தீட்டும் வரைபடம் சென்னையில் விரிகிறது. அவன் ஊர்ச் சாவடியில் அன்று!

நிலத்தின் கதை இதனினும் கொடிது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இரண்டு பாதுகாப்புகளைத் தந்தது. நிலத்தைப் பறிப்பதால் சமூகத்துக்கு நேரும் விளைவுகளை முன்கூட்டி ஆராயவேண்டும் என்றது. தனியார் திட்டமாயின் நூற்றுக்கு எண்பது பேர், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமாயின் எழுபது பேர் இசைவு தரவேண்டும் என்றது. அந்த மை உலர்வதற்குள், 2014-ல் தமிழ்நாட்டு ஆளவந்தார் ஒரு திருத்தம் கொண்டுவந்து, 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்கு இவ்விரண்டிலிருந்தும் விலக்கு அளித்தார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே மாதத்தில் சட்டமன்றம் கூடி அதற்கு மீண்டும் உயிரூட்டிற்று. 2021-ல் உச்சநீதிமன்றம் அந்த உயிரூட்டலை ஏற்றுக்கொண்டது. இடையே ஆட்சிக் கட்டிலில் அமர்ந்தோர் மாறினர். கட்டில் மாறவில்லை! முன்னவர் ஆக்கிய சட்டத்தைப் பின்னவர் கீழே வைத்தாரில்லை.

2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கு மேல் நிலம், அதில் ஏரிகளும் குளங்களும் நஞ்சையும் அடக்கம். ஏகனாபுரத்து மக்கள் அந்த மாதமே கிராம சபையில் கூடி "வேண்டாம்" என்று தீர்மானம் போட்டார்கள். மீண்டும் மீண்டும் போட்டார்கள். இரவுகளில் வீதியில் அமர்ந்து முழங்கினார்கள். விமான நிலையம் தேவையா, தேவையென்றால் எங்கே என்பதை நாடு கூடி விவாதிக்கலாம். ஆனால், இசைவு கேட்கவேண்டிய கடமையைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, பிறகு "மக்களோடு பேசுகிறோம்" என்பது என்ன பேச்சு? பூட்டை உடைத்தபின் கதவைத் தட்டும் நாகரிகமா?

"முதலாளிகளுக்கு நிபந்தனை போட்டால் அவர்கள் ஆந்திரத்துக்கும் குஜராத்துக்கும் போய்விடுவார்கள்" என்று அச்சுறுத்துகிறார்கள். தோழர்களே! இந்த வாதத்திற்கு நாம் விடை தேடி அலையவேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது விடை. நோக்கியாவுக்கு நிலம் கிடைத்தது, சிறப்புப் பொருளாதார மண்டலம் கிடைத்தது, வரிச்சலுகை கிடைத்தது. ஆயிரமாயிரம் இளைஞர்கள், அவர்களுள் பெண்களே மிகுதி, அங்கே வேலை செய்தார்கள். 2014-ல் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கிற்று. வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் ஒதுக்கி வைத்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆலை மூடிற்று. டிசம்பரில் அதே வளாகத்து பாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்திற்று. சலுகை அனைத்தும் பெற்றவர்களே போனார்கள். நிபந்தனையின்றி வந்தவர்கள் நிபந்தனையின்றியே போனார்கள்! பின்னர் வேறு நிறுவனங்கள் வந்தன என்பது மெய். அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்குப் போன ஆண்டுகளை யார் திருப்பித் தந்தார்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இவர்கள் இங்கு வருவது ஏன்? நம் முகத்தைப் பார்த்தா? அருகே துறைமுகம் இருக்கிறது; நெடுஞ்சாலை இருக்கிறது; மின்சாரம் இருக்கிறது; அரசுப் பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தனையும் மக்களின் பணத்தில் விளைந்த பொதுச் சொத்து. பொருள் நம்முடையது; விலை சொல்லும் வாய் மட்டும் அவர்களுடையதா? பேரம் பேசத் தெரியாதவன் சந்தைக்குப் போனால் பையும் போகும், பணமும் போகும்!

உழைப்போரின் இருப்பிடத்தைப் பாருங்கள். கொள்கலன் லாரிகள் போக ஆறுவழிச் சாலைக்குத் திட்டம் உண்டு; அந்தக் கொள்கலனை நிரப்பும் பெண் எங்கே உறங்குவாள் என்பதற்குத் திட்டம் இருந்ததா? 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். நெரிசலான அறை, நீரில்லாக் கழிப்பிடம் என்ற செய்திகளை உலகம் அன்றுதான் கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆயினும் கேட்கிறோம்: நோக்கியா ஆலை இயங்கியது 2006-ல்; விடுதி திறந்தது 2024-ல். இடையே 18 ஆண்டுகள்! ஆலைக்கு முன்னரே சாலை போடத் தெரிந்தவர்களுக்கு, கூரை போடும் நினைவு வருவதற்கு ஒரு மறியல் வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்தின் அடிக்கல்லில் எந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தாலும், அதை நாட்டியவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்த அந்தப் பெண்களே!

சங்கம் வைக்கும் உரிமைக்கு 1926-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அந்த உரிமையைக் கேட்டு 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்யவேண்டி வந்தது. நீதிமன்றப் படியேறிய பிறகே, 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். பாடம் என்ன? கேட்காத இடத்தில் பறிக்கப்படும். கூடி நின்ற இடத்தில் திரும்பும்.

நீரின் கணக்கையும் பார்ப்போம். காஞ்சிபுரத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்தது. கரையோரப் பகுதிகள் தத்தளித்தன. அது மனிதர் விளைவித்த பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கூறிற்று. வரத்துக் கால்வாயை மண்ணிட்டு மேடாக்கினால், ஒரு கோடையில் குடமும் மறு மழையில் வீடும் தவிக்கும். இதை அறிய நிபுணர் வேண்டா. மடை திறக்கும் நீர்க்கட்டியைக் கேட்டாலே போதும்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு நிற்கிறது. ஏரிக்கென்று ஒரு வாரியம், குடவோலையில் தேர்வு, ஆண்டுதோறும் மாற்றம், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வரக்கூடாது என்ற விதி! அது உழைப்போரின் ஆட்சி அன்று. நிலமும் வேதக் கல்வியும் உடையோரின் சபை. உழவுத் தொழிலாளிக்கும் பெண்ணுக்கும் அங்கு இடமில்லை. அந்தப் பெருமையை நாம் பாடவேண்டியதில்லை. ஆயினும், நிலவுடைமையாளர் தமக்குள் வைத்துக்கொண்ட கணக்கு ஒழுக்கத்தைக்கூட, வாக்குரிமை அனைவருக்கும் வந்த காலத்தில் ஆளவந்தார் மக்களுக்குத் தர மறுப்பது வெட்கக்கேடு அன்றோ!

ஆகவே நம் கோரிக்கைகள் இவை: உள்ளாட்சித் தேர்தலை ஒரு நாளும் தள்ளிப்போடாதே. மாவட்டத் திட்டக் குழுவிடம் உண்மையான அதிகாரமும் நிதியும் கொடு. சமூக விளைவு ஆய்வையும் மக்கள் இசைவையும் பறித்த விலக்கை நீக்கு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தந்த சலுகை, அது தந்த நிரந்தர வேலை இரண்டையும் ஆண்டுதோறும் பொதுவில் வை. ஆலைக்கு அனுமதி தரும் நாளிலேயே குடியிருப்பு, குடிநீர், பேருந்து, மருத்துவமனை ஆகியவற்றுக்கும் நாள் குறி. ஏரியையும் வரத்துக் காலையும் தொழிற்பேட்டையின் கணக்கில் சேர்க்காதே.

தோழர்களே! கோரிக்கை எழுதினால் மட்டும் கோட்டை அசையாது. 2022 முதல் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடவேண்டும் என்பது விதி. அந்த நாட்களைக் குறித்து வையுங்கள். ஆலை வாயிலில் நிற்கும் தோழர், நிலம் இழக்கும் உழவரின் கையைப் பிடித்து அந்தச் சபைக்கு வரவேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளியை அயலான் என்று ஒதுக்குவோரின் பேச்சுக்குச் செவி சாய்க்காதீர்கள். அவன் கூலி தாழ்ந்தால் உங்கள் கூலியும் தாழும். ஊரின் ஏரி எத்தனை ஏக்கர், எத்தனை மதகு, எந்தக் கால்வாய் அடைபட்டது என்ற கணக்கை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் எழுந்து வராதீர்கள்.

ஏகனாபுரத்துப் பெண்ணும் நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்ணும் இன்னும் ஒரே சபையில் அமரவில்லை. அவர்களை அமர்த்துவது உங்கள் வேலை. அந்த நாள் வரும்போது, இம்மாவட்டத்தின் திட்டம் மாவட்டத்திலேயே எழுதப்படும். புறப்படுங்கள்!