மலையடி மனையும் எளியோர் நிலையும்

உண்டியும் உடையும் உறையுளும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன. இவற்றுள் முன்னைய இரண்டின் விலை ஏறுமாயின் நாடெங்கும் ஓலம் எழுகின்றது. உறையுளின் விலை ஏறுமாயினோ, ஊர் முன்னேறிற்றென்று பலர் உவக்கின்றனர். இவ்வுவகை பொருந்துவதுதானா என்பதனைத் திருவண்ணாமலையில் இரமணாசிரமம் சூழ்ந்த பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் பதினாறு வயது இளைஞர் ஒருவர் அவ்வூர் வந்து சேர்ந்தார். கையில் எஞ்சியிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார் என அவர் வரலாறு கூறும். பின்னர் மலைக் குகைகளில் நெடுங்காலம் வதிந்தார். 1922இல் அவர்தம் அன்னையார் மறைந்தபின், மலையின் தென்னடிவாரத்தில் அவ்வம்மையார் சமாதியைச் சார்ந்து எழுந்த கூரைக் கொட்டகையே ஆசிரமத்தின் தொடக்கமாயிற்று. 1934இல் பால் பிரண்டன் எழுதிய நூல் வெளிவரவே, மேனாட்டார் பலர் அவரை நாடி வரலாயினர். 1950இல் அவர் மறைந்த பின்னரும் அவ்வருகை குறைந்திலது. காசைக் குளத்தில் எறிந்தவர் வாழ்ந்த இடத்தைச் சுற்றியே இன்று நிலத்திற்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகின்றது. இதனினும் வியப்பு யாதுளது?

விலை ஏறுதற்குக் காரணம் வெளிப்படை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய நிலம் அளவுடையது. அதனை நாடுவோர் தொகையோ அளவின்றிப் பெருகுகின்றது. சென்னை, பெங்களூர்ச் செல்வர் மனை வாங்கி இடுகின்றனர். இந்நாட்டில் வதியாத அயல்நாட்டார் ஈண்டு நிலம் வாங்குதற்குச் சட்டம் பொதுவாக இடந்தராது. ஐந்தாண்டிற்கு மேற்படாத குத்தகையே கொள்ளலாம். ஆதலின் அவர் நாடுவது வாடகை வீடே. கார்த்திகை முதல் மாசி வரை அவர் வருங்காலம். அக்காலத்து நாள் வாடகையின் சுவை கண்ட வீட்டுக்காரர்க்கு மாத வாடகை கசக்கின்றது.

சென்ற ஆண்டு கார்த்திகைக்குச் சின்னாள் முன்னர் ஆங்குள்ள எம் தோழர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவர் தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். பதினோராண்டு குடியிருந்த வீட்டை ஒரு திங்களுள் ஒழித்துக் கொடுக்குமாறு வீட்டுக்காரர் கூறிவிட்டார். சண்டையில்லை; சுடுசொல்லுமில்லை. எழுத்தில் ஒப்பந்தம் யாதும் இன்மையால் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. மூட்டைகள் வண்டியேறிய பின்னரும், தோழரின் அன்னையார் தாம் வைத்து வளர்த்த முருங்கைக்கு ஒரு குடம் நீர் ஊற்றிவிட்டே வெளியேறினார். ஊருக்கு அப்பால் நெடுந்தொலைவில் குடியேறிய அவர்கள், தாம் பிறந்த தெருவிற்கு இப்பொழுது பேருந்திற் கட்டணங் கொடுத்து வருகின்றனர்.

“விலை ஏறினால் வீடுடையார்க்கு ஆக்கமன்றோ?” என வினவுவார் உளர். ஒன்றே வீடுடையான் அதனை விற்றால், அவ்வூரிலேயே மற்றொன்றை ஏறிய விலைக்கே வாங்கல் வேண்டும். விற்றிலனேல், ஏறிய விலை அவன் உலையில் அரிசியாகப் போவதில்லை. அவன் மக்கள் தனிக்குடித்தனம் செல்லுங்கால் அவ்விலையே அவர்க்குத் தடையாய் நிற்கும். ஆகவே முழு ஆக்கம் பெறுவார் ஊரைவிட்டு ஏகுவாரும், பல மனை உடையாருமே என்க. குடிக்கூலியாளர்க்கோ இழப்பன்றிப் பிறிதில்லை. மேலும், அவ்விலை வீட்டுக்காரர் உழைப்பால் விளைந்ததன்று; மலையாலும் முனிவராலும் விளைந்தது. பொதுவில் விளைந்ததன் பயனில் ஊரார்க்கும் பங்குண்டு என்பதே எம் கருத்து.

இதனினும் கொடியதொன்று உளது. சமதரையில் விலை ஏறுந்தோறும் எளியோர் கால்கள் சரிவை நோக்கி ஏறும். 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெங்கல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தது. சிறுவர் ஐவர் உட்பட எழுவர் மாண்டனர். மலையடிச் சரிவு குடியிருப்பிற்கு ஏற்றதன்று என்பதனை இதனினும் தெளிவாக யார் உரைக்க வல்லார்?

செய்யத்தக்கன யாவை? வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு பெறுதல் வேண்டும் என்னும் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உளது. அதனை ஏட்டளவில் நிறுத்தாது வீட்டளவிற் கொணர்தல் வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்பென் என்னும் மலைச்சிற்றூரில், பனிச்சறுக்கு ஆட வரும் செல்வரால் வீட்டு விலை விண்ணை முட்டியபோது, அவ்வூரில் உழைப்பார்க்கென்றே சில வீடுகள் ஒதுக்கப்பட்டன. அவற்றை மறுவிற்பனை செய்யும் விலைக்கும் வரம்பு கட்டப்பட்டது. மாநகராட்சியாகிவிட்ட திருவண்ணாமலை அத்தகைய ஏற்பாட்டைச் செய்தலாகாதோ? சரிவில் வாழ்வாரை அப்புறப்படுத்துங்கால், அவர் தொழிலிடத்திற்கு அருகிலேயே மாற்று மனை அளித்தலும் கடமையாம்.

தீபத்தன்று வரும் பல நூறாயிரவர் மறுநாள் தத்தம் ஊர் ஏகுவர். அவர் நடந்த வீதியைப் பெருக்குவாரும், அவர்க்குப் பூத்தொடுத்தாரும், சோறு சமைத்தாரும் எங்கே உறங்குகின்றனர் என்னும் வினா எஞ்சி நிற்கும். அதற்கு நாணாது விடை கூறவல்ல ஊரையே முன்னேறிய ஊர் என்பேம்.