ஐந்தெழுத்தும் எண்ணுதலும்: மந்திரத்தைக் கருவியெனக் கொள்வதன் எல்லை

மந்திரச் செபமும் தியானமும் தனிமனித ஆன்மிகப் பயிற்சிக்குரிய கருவிகள் என்னும் கருத்து இன்று பொதுவழக்கில் நிலைபெற்றுள்ளது. மன அமைதியையும் கவனக் குவிப்பையும் தரும் ஓர் உத்தியாக மந்திரம் எடுத்துரைக்கப்பெறுகிறது. இவ்வழக்கின் செல்வாக்கால், சைவ நூல்கள் கூறும் ஐந்தெழுத்தையும் ‘ஒலியதிர்வு’ என்னும் ஒரு சொல்லால் விளக்கி அமையும் போக்கு ஆய்வுலகிலும் தலைகாட்டுகிறது. சைவசித்தாந்த நூல்களை நேரே நோக்கின் இவ்விளக்கம் அவற்றிற்குப் பொருந்துவதன்று என்பது புலனாகும்.

இக்கருத்துக்கு இருவகை அரண்கள் உள்ளன. ஒன்று மருத்துவம் சார்ந்தது. ஆர்வர்டு மருத்துவப் பள்ளியைச் சார்ந்த எர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட ‘தி ரிலாக்சேஷன் ரெஸ்பான்ஸ்’ என்னும் நூலில், ஒரு சொல்லை மீள மீளக் கூறி, குறுக்கிடும் எண்ணங்களைப் பொருட்படுத்தாது விடுவதால் உடல் தளர்நிலை எய்தும் என்றார். அச்சொல் இன்னதாகத்தான் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கையன்று. மற்றொன்று மெய்யியல் சார்ந்தது. பிரிட்ஸ் ஸ்டால் 1989இல் வெளிவந்த ‘ரூல்ஸ் விதவுட் மீனிங்’ என்னும் நூலில், வேதச் சடங்குகளை ஆராய்ந்து, மந்திரங்கள் பொருளுணர்த்தும் மொழியாகச் செயற்படுவதில்லை என வாதிட்டார். இவ்விரு கருத்துகளும் தத்தம் களத்தில் எடைபோடத்தக்கவை. எனினும் உடலியல் விளைவைப் பற்றிய முடிபையோ, வேள்விச் சடங்கைத் தரவாகக் கொண்ட முடிபையோ ஐந்தெழுத்தின்மேல் ஏற்றுவதற்குமுன் அதனைப் பற்றித் தமிழ் நூல்கள் கூறுவதைக் கேட்டல் முறையாகும்.

தொல்காப்பியச் செய்யுளியல் நூல், உரை, பிசி, முதுமொழி ஆகியவற்றோடு ஒருங்குவைத்து எண்ணும் மொழிவகைகளுள் மந்திரமும் ஒன்று. நிறைமொழி மாந்தரின் ஆணையில் பிறப்பது அது. ஆகவே மந்திரம் என்பது சொல்வோரை முன்னிட்ட மொழி. ஒலி மட்டுமே அதன் இலக்கணமாகக் கூறப்பெறவில்லை.

பிற்காலச் சித்தாந்த நூல்கள் ஐந்தெழுத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள் கூறின. மனவாசகங் கடந்தாரின் உண்மை விளக்கம், உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன் ஆகியவற்றின் வழி, சிகரம் சிவத்தையும் வகரம் அருளையும் யகரம் உயிரையும் நகரம் திரோதத்தையும் மகரம் மலத்தையும் குறிக்கும். ‘நமசிவாய’ என ஓதுங்கால் திரோதமும் மலமும் முன்னிற்கும். ‘சிவாயநம’ என ஓதுங்கால் சிவமும் அருளும் முன்னிற்க, உயிர் நடுவெழுத்தாய் நிற்கும். ஒருபால் அருளும் ஒருபால் மலமும் அமைய, எப்பக்கம் சார்வது என்னும் நிலையில் உள்ள உயிரின் உருவே இவ்வைப்புமுறை. எதுவாயினும் அமையும் என்று கொள்ளத்தக்க சொல்லன்று இது. இதன்கண் எழுத்தின் வரிசை மாறின் பயிற்சியின் பொருளே மாறிவிடுகிறது.

‘கருவி’ என்னும் உருவகத்தின் குறையும் இவ்விடத்தே வெளிப்படுகிறது. கருவியைக் கையாள்வோன் அதற்குப் புறத்தே நிற்பவன். ஐந்தெழுத்திலோ ஓதும் உயிரே ஓரெழுத்தாக அதனுள் நிற்கிறது. மேலும், சித்தாந்தத்தில் கருவி என்பது தத்துவங்களைக் குறிக்கும் கலைச்சொல். உயிர் கழன்று நீங்கவேண்டியவை அக்கருவிகள். மந்திரத்தையும் அப்பெயராலேயே சுட்டுவது ஆய்வில் பொருள்மயக்கத்தை விளைவிக்கும்.

சிவஞானபோதத்தின் ஒன்பதாம் நூற்பா இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. ஐந்தெழுத்தை விதிப்படி எண்ணுக என்பது அதன் கருத்து. தமிழில் ‘எண்ணுதல்’ தொகையிடுதலையும் நினைதலையும் ஒருங்கே குறிக்கும். மாலையின் மணியை உருட்டும் செபமும் உள்ளத்தில் நிறுத்தும் தியானமும் அவ்வொரு வினையில் அடங்கிவிடுகின்றன. நூற்பா எண்ணுதலைக் கூற, வார்த்திகம் உச்சரித்தலைக் கூறுவதும் இவ்விணைவுக்குத் துணைநிற்கிறது. செபம் வேறு, தியானம் வேறு எனப் பிரித்து ஆராயும் இன்றைய முறை இந்நூற்பாவின்முன் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது.

இப்பயிற்சி எதற்கென மெய்கண்டார் கூறும் காரணமும் கருதத்தக்கது. ஞானம் விளங்கிய பின்னரும், வேம்பில் பழகிய புழு அதனையே நாடுவதுபோல, உயிர் தான் முன் பழகியதையே நோக்கிச் செல்லும். அதனை நீக்குதற்கே ஐந்தெழுத்து. அமைதி தேடுவோன் முதலடியில் எடுக்கும் துணையாக இது இங்குக் கூறப்பெறவில்லை. அறிந்த பின்னும் விடாத பழக்கத்தோடு நிகழ்த்தும் நெடும்போராட்டமாகவே கூறப்பெறுகிறது.

இதற்கு ஒரு தடை எழலாம். பெரியபுராணத்து ஆனாயர் ஐந்தெழுத்தைக் குழலில் இசைத்தவர். அங்குச் சொல்லின்றி இசையே மந்திரமாயிற்றன்றோ எனலாம். ஆயின், பூத்து நின்ற கொன்றையைச் சிவனாகக் கண்டு உருகிய உள்ளத்திலிருந்தே அவ்விசை பிறந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். ஆதலின் அங்கும் நினைவே இசையை மந்திரமாக்குகிறது. தீக்கை பெற்றோர்க்கே உரியதைத் தனிமனிதப் பயிற்சி எனல் தகுமோ என்பது மற்றொரு தடை. ஆசிரியரிடம் பெறுதல் தகுதியைப் பற்றியது. பெற்றதை எண்ணும் உழைப்பை ஒருவர்க்காக மற்றொருவர் செய்ய இயலாது. அவ்வகையில் அது தனிமனிதப் பயிற்சியே.

எனவே மந்திரம் பற்றிய தமிழாய்வு மூன்றனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஓதுதல், உச்சரித்தல், நினைதல், எண்ணுதல் ஆகிய வினைகளை ஒருபொருட் சொற்களாகக் கொள்ளாது, நூல்தோறும் அவற்றின் ஆட்சியை வேறுபிரித்துக் காணுதல் ஒன்று. எழுத்துகளின் வைப்புமுறையைக் குறியீடாக மட்டும் கொள்ளாது பயிற்சிநெறியாகவும் வாசித்தல் மற்றொன்று. அதிர்வு முதலிய புறத்துறைச் சொற்களை மூலநூலின் கூற்றாக எழுதாது, ஒப்பீடு என வெளிப்படக் கூறுதல் மூன்றாவது. பொதுவழக்கு மந்திரத்தை அமைதிக்குரிய உத்தியாகக் கொள்ளுதல் அதன் உரிமை. மெய்கண்டார் கூறியதும் அதுவே என ஆய்வு எழுதுமாயின், உயிர் தன் பழக்கத்தோடு பொரும் போராட்டத்தைப் பற்றித் தமிழில் எழுந்த நுண்ணிய சிந்தனை ஒன்று நம் கண்முன்னே மறைந்துபோகும்.